பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

"நான் வந்து ஷட் டவுன் பண்றேன்னு நேத்து சொன்னேனா இல்லையா—"

"ராகு காலம் வந்துரும், நீ குளிச்சுட்டு—"

"சொன்னேனா இல்லையா, அதச் சொல்லு!"

"—குளிச்சுட்டு வர்றதுக்குள்ள நல்ல நேரம் போயிரும்னுதான்டி அணைச்சேன்."

"அணைக்கறதுன்னா? செவுத்துல இருக்கற ஸ்விட்ச்சத் தட்டறதா? இது என்ன மிக்ஸியா?"

"மிக்ஸியக்கூட நான் அப்படி அணைக்க மாட்டேன். ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? திரை கறுப்பாத்தான இருந்துச்சு?"

"திரை கறுப்பா இருந்தா ஓடலைன்னு அர்த்தமா? நீகூடத்தான் தெனம் கண்ண மூடிட்டுத் தூங்கற. உன்ன அணைச்சுட்டமா?"

விஜயதசமிக் காலை. ஜாதவ்பூரில் அந்த இரண்டாம் மாடி வீட்டில், ஸ்னேகாவின் மேஜை இன்னும் பூஜைக் கோலத்தில்தான் இருந்தது. மானிட்டரைச் சுற்றிச் சாமந்தி மாலை. கீழே இருந்த சிபியு பெட்டியில் மூன்று விரல் சந்தனம், குங்குமம். பக்கத்தில் வாழையிலைத் துண்டில் பொரி, கடலை, வெல்லம். பொரி என்று அம்மா சௌந்தரம் சொல்வாள். உண்மையில் அது முனைக் கடையில் விற்கிற வங்காளப் பொரி, முரிதான். நவமியன்று பூஜையில் வைத்த கருவியைத் தசமியில் மறுபூஜை செய்து எடுக்கிறவரை யாரும் தொடக் கூடாது. யாரும் தொடவில்லை என்றுதான் அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கற்பூரம் காட்டி முடித்து, "இப்ப போடு" என்று சௌந்தரமே சொன்னாள். ஸ்னேகா போட்டாள். தன் ஆராய்ச்சிப் பக்கத்தைத் திறந்தாள். 'பரிசோதிக்கப்பட்டவர்கள்' என்ற இடத்தில் இரண்டு நாள் முன்புவரை 163 என்று இருந்தது. இப்போது 0 என்று இருந்தது. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தச் சண்டை.

சிவராம் வாசல் நிலையில் சாய்ந்தபடி நின்றான். கையில் காப்பி.

"அண்ணா, நீ சொல்லு. உனக்குத்தான தெரியும். கரண்ட்ட அப்படி டக்குனு நிறுத்தினா உள்ள இருக்கறது போயிருமா?"

கீழே துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் கொட்டுகிறவர்கள் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தார்கள்.

"டேட்டாபேஸ் ஓடிட்டிருக்கறப்ப கட் பண்ணினா... கெட்டுப்போக சான்ஸ் இருக்கு."

"சான்ஸ் இருக்கா, போயிருச்சா?"

"பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

சௌந்தரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள்.

"நான்தானாடா?"

"காப்பி ஆறிப்போச்சும்மா" என்றான் சிவராம்.

*

அந்தப் பெட்டிக்குள் அப்படி என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்னேகா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஹவுராவில் சின்னச் சின்னப் பட்டறைகளில் லேத்திலும் சம்மட்டியிலும் வேலை செய்கிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது, எந்த வயதில் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. தலையில் மாட்டுகிற ஒலிப்பான், ஒரு சின்னக் கருவி, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போவாள். அவர்களுடைய அப்பா துரைசாமி லிலுவா ரயில்வே பட்டறையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். கடைசிப் பத்து வருஷம் இவர்கள் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டார். ஸ்னேகா இந்த விஷயத்தை எடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் அறுபத்தாறு பேரை அவள் காகிதத்தில்தான் எழுதினாள். அதற்கப்புறம்தான் அண்ணனுக்கு வேலை போயிற்று.

ஐடி கம்பெனிகள் நிறைந்த செக்டர் ஃபைவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த நிறுவனம், மே மாதத்தில் ஒரே நாளில் நாற்பது பேரைப் போகச் சொன்னது. லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டது. வேறு எங்கே விண்ணப்பித்தாலும் ஒரே கேள்வி: குபெர்னெட்டீஸ் தெரியுமா? அதைப் பழக அவனிடம் கம்ப்யூட்டர் இல்லை. தங்கையிடம் இருந்தது.

"உன் மெஷின்ல ஒரு கிளஸ்டர் போட்டுக்கறேன் ஸ்னேகா."

"அப்படின்னா?"

"ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனி டப்பாவுல அடைச்சு ஓட விடறது. கன்டெய்னர்ம்பாங்க. எந்த டப்பா ஓடுது, எது விழுந்துச்சு, எத எழுப்பணும்னு பாத்துக்க மேல ஒரு மேஸ்திரி. அந்த மேஸ்திரிதான் குபெர்னெட்டீஸ். மேஸ்திரியும் டப்பாவும் சேந்ததுதான் கிளஸ்டர். பெரிய கம்பெனில நூறு மெஷின்ல ஓடும். பழகறதுக்குக் குட்டியா ஒண்ணு, ஒரே மெஷினுக்குள்ள போட்டுக்கலாம்."

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய்க் கம்ப்யூட்டர்."

"அப்படியே வச்சுக்க. உன் வேலையையும் அதுலயே ஏத்திடறேன். ஒரு ஆப் எழுதித் தர்றேன்."

"எனக்கு எதுக்குண்ணா? எக்ஸெல் போதுமே."

"எக்ஸெல்லா! பிஎச்டி பண்றவ பேசற பேச்சா இது?"

கேட்டுக்கொண்டே வந்த சௌந்தரம், "அவளுக்குச் சைக்கிள் போதும்னா நீ லாரி வாங்கித் தர்றங்கற" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அதனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்னேகாவும் அதனால்தான் சரி என்றாள்.

நான்கு நாளில் ஆப் தயாராகிவிட்டது. காகிதத்தில் இருந்த அறுபத்தாறு பேரையும் ஸ்னேகா அதில் ஏற்றினாள். பட்டறையில் நின்றபடியே போனில் எண்களை அடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அவை தானாகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். போனில் அழிந்துவிடும்.

"போன்லயும் இருக்கட்டுமேண்ணா?"

"எதுக்கு? எடத்த அடைச்சுக்கிட்டு. காகிதமும் இனிமே வேண்டாம்."

அன்று சாயங்காலம் அம்மாவையும் கூப்பிட்டு வைத்து வேடிக்கை காட்டினான். "இப்ப இந்த டப்பாவக் கொல்றேன் பாருங்க." கொன்றான். திரையில் ஒரு வரி போயிற்று. ஏழு எண்ணுவதற்குள் அதே வரி, பெயரின் கடைசியில் மட்டும் வேறு எழுத்துகளோடு, வந்து உட்கார்ந்தது.

"ரத்தபீஜன்டா இது!" என்றாள் சௌந்தரம். "ஒரு சொட்டு விழுந்தா ஒருத்தன் எந்திரிப்பான். அப்ப இதுல எதுவுமே சாகாதுன்னு சொல்லு."

"சாகாதும்மா."

டப்பா சாகாது என்பது நிஜம். டப்பாவுக்குள் ஓடுகிற புரோகிராம் எழுதி வைக்கிற விஷயம் எங்கே இருக்கிறது என்பது வேறு. அதைக் கிளஸ்டருக்கு வெளியே ஒரு பத்திரமான இடத்தில் வைத்திருக்க வேண்டும். சிவராம் உள்ளேயே வைத்திருந்தான். பழகுவதற்கு ஒரு கிளஸ்டர், தங்கைக்கு ஒரு கிளஸ்டர் என்று இரண்டு போட மெஷினில் நினைவகம் போதவில்லை. அதனால் எல்லாம் ஒன்றிலேயே. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிவிடலாம் என்றிருந்தான். பதினேழு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. அதற்குள் தொண்ணூற்றேழு பேரின் காதுகள் அந்தப் பெட்டிக்குள் மட்டும் இருந்தன.

*

நவமியன்று மத்தியானம் பந்தலில் போக், அதாவது பிரசாதச் சாப்பாடு, வாங்கப் போகலாம் என்று பக்கத்து வீட்டு வங்காள அண்ணி, பௌதி, வந்து கூப்பிட்டாள்.

"நீயும் வாடா. ஸ்னேகா, இந்தக் கிண்ணத்த எடுத்துக்க."

"எனக்குத் தலைவலிம்மா. நீங்க போயிட்டு வாங்க."

தலைவலி இல்லை. திங்கட்கிழமை பெங்களூர்க் கம்பெனியோடு இன்டர்வியூ. ஐந்து நாள்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்கப் பூஜை என்று கம்ப்யூட்டரைக் கும்பிட்டுக்கொண்டிருக்க அவனுக்கு மனம் இல்லை.

அவர்கள் இறங்கிப் போன செருப்புச் சத்தம் அடங்கியதும் ஸ்னேகாவின் அறைக்குப் போனான். சாமந்தி வாசனை. பவர் பட்டனின் மேலேயே சரியாக ஒரு பொட்டு வைத்திருந்தாள் அம்மா. மிளகளவுதான் இருக்கும், அவ்வளவு சுத்தமான வட்டம். சுவர் ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினான். விரல் நுனி சிவந்தது.

கிளஸ்டர் எழுந்தது. ஸ்னேகாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். 163. அம்மா ஸ்விட்ச்சைத் தட்டியதில் ஒன்றுமே ஆகவில்லை. எல்லாம் அப்படியே இருந்தது. அதை அவன் தன் கண்ணால் பார்த்தான். பிற்பாடு எத்தனை விதமாகத் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தபோதும், இந்த இடத்துக்கு வந்ததும் சமாதானம் நின்றுவிடும்.

ஒரு மணி நேரம் பழகினான். ஒரு பயிற்சி சிக்கிக்கொண்டது. எதைத் தொட்டாலும் சிவப்பு எழுத்து. ஆபீஸ் லேப்டாப்பில் இப்படி ஆகும்போதெல்லாம் என்ன செய்வானோ அதைத்தான் விரல் செய்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவது. இரண்டே சொல் கட்டளை. நாளைக்கு நாலு தரம் அடித்துப் பழகிய விரல், அடிப்பதற்கு முன்னால் யாரையும் கேட்கவில்லை.

கிளஸ்டரின் எல்லாச் சுவடுகளும் நீக்கப்பட்டன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வரியின் முன்னால் சின்னதாக ஒரு மண்டையோடு. கம்ப்யூட்டர்காரர்களின் வேடிக்கை அது. எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

கீழே டாக் உச்சத்தில் இருந்தது. சிவராம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். வட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினான். இல்லை என்று தெரிந்தே தேடினான். பிறகு கிளஸ்டரை மறுபடி போட்டான், ஸ்னேகாவின் ஆப்பை ஏற்றினான். எல்லா வரியும் பச்சையாக, அழகாக எழுந்தது. மேஸ்திரி தன் வேலையைக் குறையில்லாமல் செய்தான். 0.

எல்லாவற்றையும் அணைத்தான். சுவர் ஸ்விட்ச்சையும். பட்டனில் பொட்டு கலைந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தாம்பாளத்திலிருந்து குங்குமத்தைத் தொட்டு வைத்தான். கொஞ்சம் பெரிதாகிவிட்டது. துடைத்து வைக்க நேரம் இல்லை. படியில் செருப்புச் சத்தம்.

"கிச்சுரி சூடா இருக்கு, உடனே சாப்பிடு" என்றாள் சௌந்தரம். "தலைவலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா."

*

இன்டர்வியூ முடியட்டும், சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தான்.

ஸ்னேகாவின் பேராசிரியை, டிசம்பர் கடைசிவரை நேரம் வாங்கித் தந்தார். அதற்குள் தொண்ணூற்றேழு பேரையும் மறுபடி பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை முடிந்து, மூன்று வருஷ வேலை அரைகுறையாக நின்றுபோகும். அவள் அழவில்லை. அம்மாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். "சாப்பாடு", "சாவி", "வர லேட்டாகும்" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்வாள். அம்மா என்ற சொல் அந்த வீட்டில் ஒரு வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் சௌந்தரம் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"பைய நான் தூக்கிக்கிட்டு வர்றேன்."

ஸ்னேகா சிவராமைப் பார்த்துச் சொன்னாள்: "தேவையில்லன்னு சொல்லு."

"நான் பண்ணினதுக்கு நான் வர்றேன். அவகிட்டச் சொல்லு."

"ரெண்டு பேரும் பக்கத்துலதான நிக்கறீங்க" என்றான் சிவராம். இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

ஆற்றுக்கு அடியில் போகிற மெட்ரோவில் ஏற மாட்டேன் என்றாள் சௌந்தரம். அதனால் பாபுகாட்டில் லாஞ்ச் படகில் ஏறி ஹவுராவுக்குப் போனார்கள். அம்மா பையோடு ஒரு பெஞ்சில், மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில். பெலிலியஸ் ரோட்டுப் பட்டறைகளில் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று சௌந்தரம் கையைக் கூப்பினாளாம். "ஆமார் தோஷ், பாபா. என் தப்பு. மறுபடி ஒரு தடவை உட்காருங்க." அப்படிச் சொல்ல அவளை யாரும் கேட்கவில்லை. ஸ்னேகாதான் இதைச் சொன்னாள், சாப்பிடும்போது, சிவராமிடம்.

"நாலு பேர் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும், அரை நாள் வேலைய விட்டுட்டு வந்தேனேன்னு சத்தம் போட்டாரு. அவர்கிட்டயும் கும்பிடறாங்க. எனக்குக் கோபமும் வருது, பாக்கவும் முடியல. எதுக்குண்ணா இப்படி?"

சிவராம் சாதத்தைப் பிசைந்தான்.

இன்டர்வியூ அவன் அறையில், போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து நடந்தது. கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னான். கடைசியில், பெங்களூரிலிருந்து பேசிய பெண்மணி கேட்டாள்: "நீங்கள் வேலையில் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லுங்கள். அப்புறம் என்ன செய்தீர்கள்?"

அந்தத் தொழிலில் இது ஒரு வழக்கம். தவறு நடந்தால், செய்தவன் தானே எல்லோர் முன்னாலும் வந்து, எந்த நிமிஷத்தில் எதை அடித்தேன் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் திட்டக் கூடாது. அப்படிச் சொல்கிறவனைத்தான் நம்பலாம் என்பார்கள்.

சிவராம் சொன்னான். ஒரு வாடிக்கையாளரின் கிளஸ்டர் என்று மாற்றிச் சொன்னான். தரவை உள்ளேயே வைத்திருந்தது, தள்ளிப்போட்டது, விரல் பழக்கம், இரண்டு சொல், மண்டையோடு, எல்லாம். "உடனே குழுவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அதனால்தான் எங்களால் சீக்கிரம் மீண்டு வர முடிந்தது."

"மிக நேர்மையான பதில்" என்றாள் அந்தப் பெண்மணி.

கதவைத் திறந்தால், தண்ணீர் டம்ளரோடு சௌந்தரம்.

"உள்ள வரலாமா கூடாதான்னு நின்னேன். எதோ மிஸ்டேக் மிஸ்டேக்னு சொன்னியே. யாரு மிஸ்டேக்கு?"

"ஆபீஸ் கதைம்மா. பழசு."

"ஓ" என்றாள். டம்ளரைக் கொடுத்தாள். "நல்லாப் பேசினடா. எனக்குப் புரியல, ஆனா நல்லா இருந்துச்சு."

வேலை கிடைத்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். முப்பது பேர் முடியட்டும் என்று நினைத்தான். தீபாவளி அன்றைக்கு வேண்டாமே என்று நினைத்தான். தீபாவளிக்கு மறுநாள் விளக்கெல்லாம் எடுத்து வைக்கும்போது சௌந்தரம், பூஜைத் தாம்பாளத்தையும் காகிதத்தில் சுற்றிப் பரணில் வைக்கச் சொன்னாள்.

"அடுத்த வருஷத்துக்குத்தான. இப்பவே எதுக்கு?"

"அடுத்த வருஷமும் வேண்டாம். இந்த வீட்ல இனிமே ஆயுத பூஜை கிடையாது. தெரியாத பொருளுக்குப் பொட்டு வைக்கற வேல எனக்கு எதுக்கு?"

அவன் ஸ்டூலில் ஏறி வைத்தான். தாம்பாளம் அவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

*

வேலைக்கான கடிதம் வந்த மறுநாள், சௌந்தரத்துக்கு முழங்கால் வீங்கியிருந்தது. லாஞ்ச் துறையில் இருபத்தொரு நாளாக ஏறி இறங்கிய கால்.

"இன்னிக்கு நீ போகாதம்மா" என்றான் சிவராம்.

"மாரியப்பன் ஊர்லேருந்து வந்துட்டாராம். அவருகிட்ட நான் நேர்ல சொல்லணும். அவரு சொல்லித்தான அத்தன பேரும் வந்தாங்க."

"அப்ப பைய நான் தூக்கிக்கறேன். நானும் வர்றேன்."

வழியில் இறங்கிச் சௌந்தரம் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கினாள். பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்கு.

மாரியப்பன் அப்பாவோடு லிலுவாவில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பெலிலியஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் லேத் பார்க்கிறார். தகரக் கூரை, கீழே இரும்புச் சுருள், நாலு லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. தனக்குத் தெரிந்த ஒரே சுதியில், அதாவது ரொம்ப உரக்கப் பேசுகிறவர்.

"வாங்க அண்ணி! தம்பி வந்திருக்கானா? என்னடா, உங்கப்பன் மாதிரியே இருக்க! பாப்பா, மறுபடியுமா என் காதப் புடிக்கப் போற? ஆனி மாசமே பாத்தியே. அதுக்கப்புறம் ஒண்ணும் புதுசா மொளைக்கல!"

ஸ்னேகா சிரித்தாள். பல நாளைக்கு அப்புறம் சிவராம் பார்த்த சிரிப்பு. ஸ்டூலில் கருவியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். பரிசோதனைக்கு மெஷின்களை நிறுத்த வேண்டும். ஒரு தொழிலாளி ஒவ்வொன்றாக நிறுத்தப் போனான்.

சௌந்தரம் சந்தேஷ் பெட்டியைச் சிவராமிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கூப்பினாள்.

"அழிஞ்சுபோச்சு தம்பி. நீங்க எல்லாம் குடுத்ததெல்லாம். நான்தான் தெரியாம ஸ்விட்ச்ச அணைச்சுட்டேன்."

"என்னது?"

"அழிஞ்சுபோச்சு. என் தப்பு."

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் விழல அண்ணி. எதுக்குக் கும்பிடறீங்க? யாரு என்ன பண்ணாங்க?" மாரியப்பன் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. உனக்கு உங்கப்பன் கொரலு, கேக்கும். அம்மா என்ன சொல்றாங்க? நல்லா உரக்கச் சொல்லு."

அம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். அம்மா அணைத்துவிட்டாள், அம்மாவின் தப்பு. உரக்க. சிவராம் வாயைத் திறந்தான். இதுவரை அவன் ஒரு தடவைகூட அந்தச் சொற்களைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தே காரியத்தை நடத்திக்கொண்டிருந்தான். சௌந்தரம் அவனையே பார்த்தாள், சொல்லு என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

"அம்மா ஒண்ணும் பண்ணல சித்தப்பா! நான்தான் அழிச்சேன்! நான்தான்!"

கடைசி லேத் நின்றுவிட்டிருந்தது. இரண்டாவது 'நான்தான்' தகரக் கூரையில் தனியாகப் போய் மோதியது. தமிழ் தெரியாத மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுக்கு ஏன்டா இப்படிக் கத்தற? மெஷினத்தான் நிறுத்திட்டாங்களே" என்றார் மாரியப்பன். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைத் துடைக்கத் துணி தேடுகிறவர்போல அந்தப் பக்கம் போனார்.

"எப்போ?" என்றாள் சௌந்தரம்.

"நவமி அன்னிக்கு. நீங்க போக் வாங்கப் போனப்ப."

"நான் ஸ்விட்ச்ச அணைச்சதுக்கு அப்புறமா?"

"ஆமா. நான் போட்டுப் பாத்தப்ப நூத்தி அறுபத்து மூணும் இருந்துச்சு. நீ அணைச்சதுல ஒண்ணுமே ஆகலம்மா. பழகறேன்னு நான்தான் மொத்தத்தையும் அழிச்சுட்டேன்."

"பட்டன்ல பொட்டு வச்சிருந்தேனே."

"கலைஞ்சுபோச்சு. மறுபடி வச்சேன்."

சௌந்தரம் தன் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலால் மோதிர விரலைத் தேய்த்தாள்.

"மறுநாள் பாத்தேன். பெரிசா, கோணலா இருந்துச்சு. எனக்குத்தான் கை நடுங்க ஆரம்பிச்சுருச்சுன்னு நெனச்சேன்" என்றாள். "உங்ககிட்ட எல்லாம் சொல்லல. டாக்டரப் பாக்கணுமேன்னு இருந்தேன்."

சந்தேஷ் பெட்டி சிவராமின் கையில் இருந்தது. நூல்கூடப் பிரிக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஸ்னேகா கருவியை அணைத்தாள். ஒலிப்பானின் ஒயரை விரலில் சுற்றினாள், மெதுவாக, முடிகிறவரை. பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவனைப் பார்த்தாள்.

"இத்தன நாளா நான் இவங்கள அம்மான்னு கூப்பிடல. எதிர்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டுத்தானடா இருந்த?"